வரப்பைச் சுற்றுவதா, வயலைக் கடப்பதா? ராணுவ வான்வெளி அருகே புதிய விமானப் பாதைகள்

சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தை நடுவில் வைத்து ஒரு வரைபடத்தை விரித்துப் பாருங்கள். தென்மேற்கே சுமார் 10 கிலோமீட்டரில் தாம்பரம் விமானப்படைத் தளம். மேற்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டரில் அரக்கோணம், கடற்படையின் ஐஎன்எஸ் ராஜாளி. தெற்கே கடற்கரையோரம் அதே அளவு தொலைவில் கல்பாக்கம் அணுமின் நிலையம். அதன் தலைக்கு மேல் பறக்க அனுமதி இல்லை. வடக்கே 80 கிலோமீட்டரில் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் கிளம்பும் நாளில் அதைச் சுற்றியுள்ள வானம் மூடப்படும். மிச்சம் கிழக்கே வங்கக் கடல். அங்கும் ஏவுகணைச் சோதனைக்காக அவ்வப்போது பெரும் பரப்பு அடைக்கப்படுகிறது.

சென்னைக்கு வரும், சென்னையிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு பயணிகள் விமானமும் இந்த இடைவெளிகளுக்குள் நுழைந்துதான் போய் வருகிறது. இன்னும் தெற்கே போனால் சூலூர், தஞ்சாவூர், உச்சிப்புளி என்று படைத்தளங்கள் தொடர்கின்றன. இப்போது பரந்தூரில் இரண்டாவது விமான நிலையம் வரப்போகிறது. அதற்கும் அரக்கோணத்துக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறைவு. புதிய நிலையம் என்றால் புதிய பாதைகள். அந்தப் பாதைகளைப் படைகளின் வான்வெளியைச் சுற்றி வரைவதா, ஊடே வரைவதா, மேலே வரைவதா, அல்லது படைகளின் எல்லைக் கோட்டையே மாற்றி வரைவதா? இந்த நான்கு வழிகளும் ஒன்றுக்கொன்று ஈடு என்று பல விவாதங்களில் பேசப்படுகின்றன. நான் அப்படி நினைக்கவில்லை. எந்த வழி சரி என்பதை இரண்டு கேள்விகள் தீர்மானிக்கின்றன: படைகளின் வான்வெளி எல்லையை வேலி என்று வைத்துக்கொண்டால், வேலிக்கு உள்ளே பறப்பது எது? வேலி பயணிகள் ஓடுபாதையிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது? இந்த இரண்டையும் கேட்காமல் தொடங்கும் எந்த ஒப்பீடும் பாதியில் நின்றுவிடும்.

முதலில் நிலவரம். இந்திய வான்வெளியில் ஏறத்தாழ 60 சதவீதம் மட்டுமே பயணிகள் விமானங்களுக்குத் தடையின்றிக் கிடைக்கிறது என்று 2020 மே மாதம் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். கட்டுப்பாடுகளைத் தளர்த்தினால் விமானத் துறைக்கு ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி ரூபாய் பயன் கிடைக்கும் என்றும் அப்போது சொல்லப்பட்டது. மூடிய வானம் எல்லாம் ஒரே வகை இல்லை. எப்போதும் நுழையக் கூடாத தடைப் பகுதி, நிபந்தனையோடு நுழையக்கூடிய கட்டுப்பாட்டுப் பகுதி, குறித்த நேரங்களில் ஆபத்து இருக்கக்கூடிய அபாயப் பகுதி என்று மூன்று வகை உண்டு. கல்பாக்கம் போன்ற இடம் முதல் வகை. அங்கே பேச ஒன்றும் இல்லை, விலகித்தான் போக வேண்டும். நம் விவாதம் முழுவதும் மற்ற இரண்டைப் பற்றியது.

சுற்றிப் போவது

தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்று இந்த வழியைப் பலர் எளிதில் ஒதுக்கிவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவ்வளவு எளிதில் ஒதுக்க முடியாது.

இரண்டு புள்ளிகளுக்கு இடையே 300 கடல் மைல் என்று வைத்துக்கொள்வோம். நடுவே ஒரு ராணுவப் பகுதி. அதைத் தவிர்க்க நேர்கோட்டிலிருந்து 30 கடல் மைல் விலக வேண்டும். கிளம்பிய இடத்திலிருந்தே மெதுவாகச் சாய்ந்து, நடுவில் 30 மைல் விலகி, மறுபடி மெதுவாகச் சேர்ந்தால் மொத்தத் தூரம் 306 கடல் மைல்தான். கூடுதல் ஆறே மைல். 450 நாட் (மணிக்கு 450 கடல் மைல்) வேகத்தில் பறக்கும் விமானத்துக்கு அது ஒரு நிமிடம்கூட இல்லை.

அதே 30 மைல் விலகலை 60 மைல் நீளத்துக்குள் செய்ய வேண்டியிருந்தால்? தூரம் 60-இலிருந்து 85 ஆகிவிடும். கூடுதல் 25 மைல். அதுவும் விமான நிலையத்துக்கு அருகில், தாழ்வான உயரத்தில், 250 நாட் வேகத்தில் பறக்கும்போது. ஆறு நிமிடம் போய்விடும்.

விலகல் அதேதான். எங்கே தொடங்குகிறோம் என்பதுதான் வேறு. இந்தச் சிறிய முக்கோணக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் வான்பாதை பற்றிய பாதிச் சண்டைகள் தீர்ந்துவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது. பாதை நடுவே இருக்கும் ராணுவப் பகுதியை முன்கூட்டியே சாய்ந்து சுற்றுவது மலிவு. நிலையத்தின் வாசலில் இருக்கும் ராணுவப் பகுதியைச் சுற்றுவது மிகவும் விலை உயர்ந்தது.

முன்பு இந்த மெதுவான சாய்வு சாத்தியமாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தரையில் நடப்பட்ட ரேடியோ வழிகாட்டி நிலையங்களுக்கு மேலே போய், அங்கிருந்து அடுத்த நிலையத்தை நோக்கித் திரும்புவதே அன்றைய பாதை. நிலையத்திலிருந்து தூரம் கூடக்கூட விமானத்தின் இடத்தைப் பற்றிய ஐயமும் விரிந்துகொண்டே போகும். அதனால் பாதைக்கு இருபுறமும் தாராளமாக இடம் விட வேண்டியிருந்தது. இன்று செயற்கைக்கோள் வழிகாட்டலால் வரைபடத்தின் எந்தப் புள்ளியிலும் திருப்பம் வைக்கலாம். ஆர்னாவ்-5 என்ற தரத்தில் பறக்கும் விமானம் பறப்பு நேரத்தில் 95 சதவீதம் கோட்டிலிருந்து 5 கடல் மைலுக்குள் இருக்க வேண்டும். அதைவிடக் கடுமையான தரங்களும் உண்டு. ஆரம் மாறாத வளைவாக, வட்டத்தின் ஒரு துண்டு போலவே பாதை வரைய இன்றைய தரங்கள் இடம் தருகின்றன. இந்திய விமான நிலைய ஆணையமும் இஸ்ரோவும் சேர்ந்து உருவாக்கிய ககன் அமைப்பு, செயற்கைக்கோள் சமிக்ஞையின் துல்லியத்தை நம் வானத்தில் இன்னும் கூட்டுகிறது. வேலிக்கு ஒட்டி, ஆனால் வேலியைத் தொடாமல் பறப்பது இன்று நம்பகமான காரியம்.

சுற்றுப்பாதையின் பெரிய பலம் அதன் எளிமை. யாரிடமும் கேட்க வேண்டாம். காலை மூன்று மணிக்கும் பறக்கலாம், போர்ப் பயிற்சி நடக்கும் பகலிலும் பறக்கலாம். கட்டுப்பாட்டாளரின் தலையில் ஒரு சுமை குறைவு.

பலவீனம், அது நாள்தோறும் வசூலிக்கும் வரி. ஏ320 வகை விமானம் நிலையான உயரத்தில் நிமிடத்துக்குச் சுமார் 40 கிலோ எரிபொருள் எரிக்கும். ஒரு பாதையில் 10 கடல் மைல் கூடுதல் என்றால் ஒரு பறப்புக்கு 53 கிலோ. நாளுக்கு 20 விமானங்கள் அந்தப் பாதையில் போனால் ஆண்டுக்கு ஏறக்குறைய 390 டன் எரிபொருள். ஒரு கிலோ எரிபொருளுக்கு 3.16 கிலோ கரியமில வாயு என்ற கணக்கில் 1,230 டன் வாயு. வேலிக்குள் ஒரு விமானமும் பறக்காத ஞாயிற்றுக்கிழமையிலும் இந்த வரியைக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு வலிப்பது அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

அறுவடை முடிந்த வயல்

நம் ஊர்ப்பக்கம் வயல்வெளியில் ஒரு வழக்கம் உண்டு. நாற்று நட்டுப் பயிர் நிற்கும்போது வண்டி வரப்போரப் பாதையைச் சுற்றித்தான் போக வேண்டும். அறுவடை முடிந்து தாள் மட்டும் நிற்கும் மாதங்களில் அதே வண்டி வயலின் குறுக்கே போகும். நிலத்துக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார். நிலம் அவருடையதுதான். ஆனால் பயிர் இல்லாத நேரத்தில் வழியை அடைப்பதில் யாருக்கும் பயன் இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

நெகிழ்வான வான்வெளிப் பயன்பாடு என்ற முறை இதே வழக்கம்தான். ஐரோப்பா 1996-இல் இதைத் தொடங்கியது. வானத்தைப் படைகளுக்கு, மக்களுக்கு என்று நிரந்தரமாகப் பங்கு போடாமல், முழுவதையும் ஒரே வெளியாகப் பாவித்து, அன்றன்றைக்குத் தேவைப்படும் இடத்தைத் தேவைப்படும் நேரத்துக்கு மட்டும் ஒதுக்குவது அதன் அடிப்படை. ராணுவப் பகுதியின் ஊடே நிபந்தனைப் பாதைகள் வரையப்படும். அவை மூன்று வகை. குறித்த நேரங்களில் எப்போதும் திறந்திருக்கும் என்று நம்பிப் பயணத் திட்டம் போடக்கூடியவை முதல் வகை. முந்தைய நாள் வெளியாகும் வான்வெளிப் பயன்பாட்டுத் திட்டத்தைப் பார்த்த பிறகே திட்டமிடக்கூடியவை இரண்டாம் வகை. திட்டத்தில் போடவே முடியாது, பறந்துகொண்டிருக்கும்போது கட்டுப்பாட்டாளர் வாய்மொழியாகத் தந்தால் உண்டு என்பது மூன்றாம் வகை. இந்தியாவும் இதே முறையையும் இதே வகைப் பிரிவையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

தாளில் இந்த மூன்றும் ஒரே குடும்பம். விமான நிறுவனத்தின் கண்ணில் ஒன்றுக்கும் மூன்றுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். எரிபொருள் நிரப்புவது கிளம்பும் முன்னரே. குறுக்கு வழி கிடைக்குமா என்று தெரியாதபோது சுற்றுப்பாதைக்கு வேண்டிய எரிபொருளை ஏற்றித்தான் ஆக வேண்டும். வானில் ஏறிய பிறகு வழி திறந்தால் கொஞ்சம் மிச்சமாகும். ஆனால் அந்த மிச்ச எரிபொருளையே சுமந்து பறந்திருக்கிறோம். சுமக்கும் எடையில் மணிக்குச் சுமார் 3 சதவீதம் அதைச் சுமப்பதற்கே எரிந்துவிடும். பயண நேரத்தையும் நீண்ட பாதைக்கு ஏற்றபடியே அட்டவணையில் போட வேண்டும். ஆக, மூன்றாம் வகைப் பாதைகள் எத்தனை நூறு திறந்தாலும், நம்பித் திட்டமிடக்கூடிய முதல் வகைப் பாதை ஒன்றுக்கு அவை ஈடாகாது. இத்தனை பாதைகள் திறந்துவிட்டோம் என்று எண்ணிக்கை சொல்லப்படும்போதெல்லாம் கேட்க வேண்டிய கேள்வி: எத்தனை முதல் வகை?

இந்த வழிக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. நிலத்துக்காரர் அறுவடை முடிந்ததைச் சொல்ல வேண்டும். காலை ஆறு முதல் பத்து வரை பயிற்சி என்று பதிவு செய்துவிட்டு, மேகம் மூடியதால் எட்டு மணிக்கே விமானங்கள் திரும்பிவிட்டால், அந்தச் செய்தி எட்டே கால் மணிக்காவது பொதுக் கட்டுப்பாட்டு மையத்துக்கு வர வேண்டும். வராவிட்டால் இரண்டு மணி நேரம் காலி வானத்தைச் சுற்றிக்கொண்டு விமானங்கள் போகும். வான்வெளி மேலாண்மைப் பிரிவில் படையினரும் பொது விமானத் துறையினரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

அமெரிக்காவில் 2007 நவம்பரில் நன்றி நவிலல் விடுமுறை நெரிசலுக்காக அதிபர் புஷ், கிழக்குக் கடலோர ராணுவ வான்வெளியைச் சில நாட்களுக்குப் பயணிகள் விமானங்களுக்குத் திறந்துவிட்டார். விடுமுறையில் படைப் பயிற்சி குறைவு, பயணிகள் கூட்டம் அதிகம். இரண்டும் ஒரே நாட்களில் விழுந்தன. நமக்கும் தீபாவளியும் பொங்கலும் இருக்கின்றன. அந்த வாரங்களுக்கென்றே முதல் வகைப் பாதைகளை முன்கூட்டி அறிவிக்க முடிந்தால், அது யாருக்கும் இழப்பில்லாத ஏற்பாடு.

நேரப் பங்கீடு எங்கே திணறும் என்பதற்குக் கோவாவின் டாபோலிம் நல்ல சான்று. அது கடற்படையின் ஐஎன்எஸ் ஹன்சா தளம். வார நாட்களின் முற்பகலில் பல மணி நேரம் படைப் பறப்புக்கு ஒதுக்கப்பட்டதால் பயணிகள் விமானங்கள் மிச்ச நேரத்தில் நெருக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. பயணிகளும் படையும் ஒரே நேரத்தில், ஒரே ஓடுபாதையில் நிற்கும் இடத்தில் நேரத்தைப் பிரிப்பது யாரையும் திருப்திப்படுத்தாது. கடைசியில் மோபாவில் வேறு நிலையமே கட்டினார்கள். 2023 ஜனவரியில் அங்கே விமானச் சேவை தொடங்கியது.

மேலே, கீழே

உயரத்தால் பிரிப்பது கேட்கும்போது மிக நேர்த்தியாகத் தோன்றும். நீ கீழே, நான் மேலே. ஓரளவு உயரத்துக்கு மேல் அது நேர்த்தியாகவே நடக்கிறது. 29,000 அடிக்கு மேல் 1,000 அடி இடைவெளியில் விமானங்கள் பறக்கும் முறை நம் பகுதியில் 2003 நவம்பர் முதல் நடப்பில் இருக்கிறது. ஆனால் அங்கே இருபுறமும் நேராகப் பறக்கும் விமானங்கள். போர்ப் பயிற்சி அப்படி இல்லை. சுகோய் விமானங்கள் இரண்டு எதிரெதிராக மோதிப் பயிற்சி செய்யும்போது சில வினாடிகளில் ஆயிரக்கணக்கான அடி ஏறி இறங்கும். அவற்றுக்கு இருபதாயிரம் அடியில் ஒரு கூரை போட்டால் அது பயிற்சியாகவே இருக்காது. தஞ்சாவூரில் 2020 ஜனவரியில் சுகோய்-30 படைப்பிரிவு வந்த பிறகு அந்தத் தளத்துக்கு உயரப் பிரிவினை பொருந்தாது என்பது என் கருத்து.

தாம்பரம் வேறு. அங்கே இருப்பது விமானப்படையின் பறப்புப் பயிற்சியாளர் பள்ளி. பயிற்சி விமானங்களும் ஹெலிகாப்டரும் பெரும்பாலும் தாழ்வாகவே பறக்கும். அவற்றுக்கு மேலே ஒரு கூரை, அந்தக் கூரைக்கு மேலே மீனம்பாக்கத்தின் விமானங்கள் என்பது இயல்பான பிரிவினை. ஒரே பெயரில் ராணுவ வான்வெளி என்று அழைத்தாலும் உள்ளே பறப்பது மாறும்போது விடை மாறுகிறது.

இந்த வழியின் விலையை ஹாங்காங்கில் பார்க்கலாம். அங்கிருந்து சீனப் பெருநிலத்துக்குள் போகும் விமானங்கள் எல்லையைக் கடக்கும்போது குறைந்தது 15,700 அடி உயரத்தில் இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சுவரைத் தாண்டுவதற்காக வடக்கே போக வேண்டிய விமானம் முதலில் தெற்கே கடல் மீது சுற்றி ஏறிவிட்டுத் திரும்பும். சுவர் பக்கவாட்டில் இல்லை, ஆனால் விளைவு பக்கவாட்டுச் சுற்றேதான். அதனால்தான் சொல்கிறேன்: ஓடுபாதைக்கு அருகில் வைக்கப்படும் உயரத் தடை, வேறு பெயரில் ஒரு சுற்றுப்பாதை.

ஆபத்தும் உண்டு. வாஷிங்டனில் 2025 ஜனவரி 29 இரவு, தரையிறங்கிக்கொண்டிருந்த பயணிகள் விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தார்கள். ஹெலிகாப்டர் பாதைக்கு 200 அடிக் கூரை; அதற்கு மேலே விமானம் இறங்கும் சரிவு. ஓரிடத்தில் இரண்டுக்கும் இடையே 75 அடி இடைவெளிதான் மிஞ்சக்கூடும் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. ஏழு மாடிக் கட்டடத்தின் உயரம். இரவில், உயரமானியின் சிறு பிழையோடு, இரண்டு விமானிகளின் கவனத்தை மட்டும் நம்பி எழுபத்தைந்து அடி. இப்படிப்பட்ட ஒரு கோட்டை வரைபடத்தில் பல ஆண்டுகள் விட்டு வைத்திருந்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

வேலியை நகர்த்துவது

1996 நவம்பர் 12 மாலை, ஹரியானாவின் சர்க்கி தாத்ரி ஊருக்கு அருகே வயல்களின் மேலே சவூதி விமான நிறுவனத்தின் போயிங் 747 விமானமும் கசக்ஸ்தானின் ஐஎல்-76 விமானமும் மோதின. 349 பேர், ஒருவரும் பிழைக்கவில்லை. டெல்லியிலிருந்து கிளம்பிய விமானத்துக்கு 14,000 அடி, டெல்லிக்கு இறங்கிய விமானத்துக்கு 15,000 அடி என்றே உத்தரவு. கசக் விமானம் அந்த உயரத்துக்குக் கீழே இறங்கியதுதான் விபத்தின் காரணம்.

ஆனால் இன்னொன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அந்தக் காலத்தில் டெல்லி விமான நிலையத்துக்கு வரும் விமானத்துக்கும் கிளம்பும் விமானத்துக்கும் ஒரே வான்பாதைதான். நகரைச் சுற்றிய வானத்தின் பெரும்பகுதி விமானப்படை வசம் இருந்தது. விமானத்தின் உயரத்தைக் காட்டும் இரண்டாம் நிலை ராடார் அங்கே அப்போது இல்லை. ஒரே வாசலில் எதிரெதிராக நடப்பவர்களுக்கு இடையே 1,000 அடி மட்டுமே இருந்தது. அந்த ஆயிரம் அடியில் ஒருவர் தவறினார். விபத்துக்குப் பிறகு வருகைக்கும் புறப்பாட்டுக்கும் தனித்தனிப் பாதைகள் வந்தன. டெல்லியைச் சுற்றிப் படைகளுக்கு மட்டுமென்று இருந்த வான்வெளியைக் குறைக்கவும் பரிந்துரைக்கப்பட்டது. மோதல் தவிர்ப்புக் கருவி கட்டாயமானது.

எல்லைக் கோட்டை மாற்றுவது என்பது மற்ற மூன்று வழிகளும் தீர்ந்த பிறகு பேச வேண்டிய கடைசிப் பேச்சாகவே நம் நாட்டில் கருதப்படுகிறது. படைகளிடம் எதையும் பறிக்கச் சொல்லவில்லை நான். சூலூரில் தேஜஸ் போர் விமானத்தின் விமானி பயிற்சி பெறாவிட்டால் அந்த நட்டம் ஒரு போரில்தான் தெரியவரும். அப்போது எரிபொருள் கணக்கு எதற்கும் உதவாது. 2025 மே மாதத்தில் வடக்கிலும் மேற்கிலும் 32 விமான நிலையங்கள் மூடப்பட்டபோது, தேவை என்றால் வானம் முழுவதும் படைகளுக்கே என்பதில் யாருக்கும் மறுப்பு இருக்கவில்லை. நான் சொல்வது கோட்டின் வடிவத்தைப் பற்றி. பழைய ராணுவப் பகுதிகள் பல, கையால் கவராயத்தை வைத்து வரைந்த வட்டங்கள். தளத்தைச் சுற்றி இத்தனை மைல் ஆரம், தரை முதல் இத்தனை அடி. படை விமானங்கள் அந்த வட்டத்தின் எல்லா மூலைகளையும் சமமாகப் பயன்படுத்துவதில்லை. ஓடுபாதையின் இரு முனைகளின் நீட்சியிலும் பயிற்சிப் பகுதிக்குப் போகும் வழியிலும்தான் பறப்பு அதிகம். வட்டத்தை நான்கைந்து துண்டுகளாக வெட்டி, தேவையான துண்டை மட்டும் உயிர்ப்பித்தால், அல்லது ஓரத்தில் ஒரு துண்டைக் கொடுத்து கடல் பக்கம் அதைவிடப் பெரிய துண்டை வாங்கிக்கொண்டால், இரு தரப்புக்கும் லாபம். கடல் மீது கிடைக்கும் இடம் போர் விமானத்துக்கு நிலத்தின் மீதுள்ள நெருக்கடியான இடத்தைவிட மேலானது.

இதன் குறை காலம். ஒரு துண்டை மாற்ற விமானப்படை, கடற்படை, விமான நிலைய ஆணையம், விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் என்று பல கைகள் கையெழுத்திட வேண்டும். பின்பு புதிய வரைபடங்கள், விமானிகளுக்கான அறிவிப்பு, கட்டுப்பாட்டாளர் பயிற்சி. ஆண்டுகள் பிடிக்கும். ஆனால் ஒருமுறை செய்தால் அதன் பயன் ஒவ்வொரு பறப்புக்கும் கிடைக்கும்.

எந்த இடத்துக்கு எது

தஞ்சாவூரிலிருந்து மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் திருச்சி விமான நிலையம். சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் போகும் விமானங்கள் அங்கிருந்து கிழக்கும் தென்கிழக்கும் நோக்கித்தான் செல்ல வேண்டும். இங்கே உயரப் பிரிவினை பொருந்தாது என்று சொன்னேன். திருச்சிக்குத் தெற்கே திறந்த நிலம் இருப்பதால் கிளம்பியதும் தென்கிழக்கே சாயும் சுற்றுப்பாதையை நிரந்தரமாக வைத்து, பயிற்சி இல்லாத இரவு நேரங்களில் நேர்ப்பாதையை முதல் வகை நிபந்தனைப் பாதையாகத் திறப்பதே சரி. நீண்ட கடல் பயணத்துக்கு முன் வரும் சாய்வு என்பதால் முக்கோணக் கணக்கும் சாதகம்தான்.

கோயம்புத்தூர் கடினமான இடம். சூலூர் தளம் கிழக்கே ஏறக்குறைய 12 கிலோமீட்டரில். வடக்கே நீலகிரி, தொட்டபெட்டா 2,637 மீட்டர். தெற்கே ஆனைமலை, ஆனைமுடி 2,695 மீட்டர். மேற்கே மலைத்தொடர், நடுவே பாலக்காட்டுக் கணவாய் மட்டும். இறங்கும் விமானம் சாய்ந்து சுற்ற இடமே இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் சுற்றுப்பாதை பற்றிப் பேசிப் பயனில்லை. இரண்டு தளங்களின் அணுகுமுகக் கட்டுப்பாட்டையும் (இறங்கும், ஏறும் விமானங்களை வழிநடத்தும் பிரிவு) ஒரே ராடார் திரையில், ஒரே அறையில் வைத்து, தேஜஸும் பயணிகள் விமானமும் ஒரே வரிசையில் நிற்கும்படி செய்வதுதான் ஒரே நேர்மையான வழி. கோயம்புத்தூருக்குத் தேவைப்படுவது பாதையைவிட முதலில் இரு தரப்பும் தொலைபேசி இல்லாமல் நேரில் பேசிக்கொள்ளும் ஓர் அறை.

ஸ்ரீஹரிகோட்டா எளிது. ராக்கெட் நாட்கள் ஆண்டில் சில. நேரம் முன்கூட்டியே தெரியும். சென்னையிலிருந்து கொல்கத்தா போகும் விமானத்துக்குச் சுற்றுப்பாதையைத் தயாராக வைத்திருந்து அன்றைக்கு மட்டும் பயன்படுத்தினால் போதும். குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளம் செயல்படத் தொடங்கும்போது தூத்துக்குடிக்கும் இதே ஏற்பாடு வேண்டியிருக்கும்.

கடைசியாக, பரந்தூர். நிலம் இழக்கும் ஏகனாபுரம் மக்களின் போராட்டம் தனிக் கேள்வி; அதை இங்கே ஓரிரு வரியில் கடந்துவிட எனக்கு மனமில்லை, அதற்குத் தனியே எழுத வேண்டும். வானத்தைப் பற்றி மட்டும் பேசினால், அரக்கோணத்தில் உள்ளே பறப்பது எது என்ற கேள்வி இங்கே நல்ல விடை தருகிறது. 2013-இல் வந்த பி-8ஐ கடல் கண்காணிப்பு விமானங்கள்தான் ராஜாளியின் முக்கிய வலிமை. அவை போயிங் 737-800 பயணிகள் விமானத்தின் உடலில் கட்டப்பட்டவை. ஏறும் சரிவு, இறங்கும் வேகம், திரும்பும் ஆரம் எல்லாம் நாம் பயணிக்கும் விமானத்தைப் போலவே. இவற்றுக்கென்று தனி வானம் அடைக்க வேண்டிய அவசியம், சுகோய் தளத்தோடு ஒப்பிட்டால், மிகக் குறைவு. பயணிகள் விமானங்களோடு ஒரே வரிசையில் நிறுத்தி அவற்றை ஏற்றி இறக்க முடியும்.

எனவே பரந்தூருக்கு என் தேர்வு நான்காம் வழி, அதுவும் இப்போதே. மீனம்பாக்கம், பரந்தூர், அரக்கோணம், தாம்பரம் நான்கையும் ஒரே அணுகுமுக வான்வெளியாக மறுபடி வரைய வேண்டும். மேற்கிலிருந்து வரும் விமானத்துக்கு ஒரு வாசல், போகும் விமானத்துக்கு வேறு வாசல், இரண்டும் எங்கும் குறுக்கிடாதபடி. தாம்பரத்துக்கு மேலே கூரை. ராஜாளியின் ஓடுபாதை நீட்சியில் பி-8ஐ விமானங்களுக்கென்று உறுதியான வழி. ஓடுபாதையின் திசையைக் கான்கிரீட்டில் ஊற்றுவதற்கு முன்னால் இந்தக் கோடுகள் தாளில் முடிவாக வேண்டும். ஓடுபாதை ஐந்து டிகிரி அந்தப் பக்கம் திரும்பியிருந்தால் இறங்கும் கோடு கடற்படை எல்லைக்கு வெளியே விழுந்திருக்கும் என்று கட்டி முடித்த பிறகு கண்டுபிடித்தால், அதன் பிறகு மிஞ்சுவது அறுபது மைலுக்குள் முப்பது மைல் விலகும் அந்த முக்கோணம் மட்டுமே.